உடம்புக்கு ஓர் அரைநாள்: குமரி மாவட்டத்தில் முப்பது தாண்டியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலை ஆறரைக்கு லேப் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். "ஒண்ணும் சாப்பிடலியே?" என்பேன். "இல்ல மக்களே, ஒரு சாயா மட்டும் குடிச்சேன்." சீனி போட்ட சாயாவாக்கும். தினமும் ஒன்றிரண்டு பேரையாவது "நாளைக்கு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பாமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. நான் டாக்டர் இல்லை. ஊசி போட்டு ரத்தம் எடுத்து, எண்ணை அச்சடித்துக் கையில் கொடுப்பவள். வருகிறவர்கள் டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், லேபை மாற்ற மாட்டார்கள். அதனால் ஒரே ஆளின் சுகர் வருடா வருடம் எப்படி ஏறுகிறது என்பது சில நேரம் டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியது 1838-ல். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான், 91.75 சதவீதம். இத்தனை இருந்தும் லேபுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கேயாவது நோவு கண்ட பிறகு வருகிறவர்கள். பிரஷருக்கும் சுகருக்கும் நோவு கிடையாது. நோவில்லாத நாளில், வருடத்துக்கு ஓர் அரைநாளை எப்படிச் செலவழிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது தாண்டிய யாருக்கும் இது பொருந்தும். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு, அது இதில் இல்லை.

முதல் படி: ஒரு நோட்டு வாங்குங்கள்

பிள்ளைகள் பாதி எழுதிப் போட்ட நோட்டு இருந்தால் அதுவே போதும். முதல் பக்கத்தில் குடும்பக் கதை. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்கு சுகர், யாருக்கு பக்கவாதம், யாருக்கு மாரடைப்பு, யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று எழுதுங்கள். எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். எண்பதில் வந்த மாரடைப்பும் நாற்பத்தெட்டில் வந்த மாரடைப்பும் டாக்டருக்கு ஒன்றல்ல. ஆண்களில் 55-க்கு முன்பும் பெண்களில் 65-க்கு முன்பும் நெருங்கிய உறவில் வந்திருந்தால் உங்கள் கணக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் தினமும் விழுங்குகிற எல்லாம். மாத்திரை மட்டும் போதாது. வைத்தியர் கொடுத்த கஷாயம், முட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரை, உறவினர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் டப்பா, எல்லாம் வேண்டும். எழுதச் சோம்பல் என்றால் அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஒரு மாமாவின் கவரை என் மேசைமேல் கொட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு அட்டை, இரண்டு நிறம், இரண்டு கம்பெனிப் பெயர். அடியில் பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து. ஒன்றை ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார், அது தெரியாமல் மற்றதை இன்னொரு டாக்டர் எழுதியிருக்கிறார். மாமா ஒழுங்கானவர், இரண்டையும் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். கணுக்கால் வீக்கத்துக்கு கிட்னி டெஸ்ட் எடுக்க வந்த இடத்தில் இது தெரிந்தது. கிட்னி நன்றாகவே இருந்தது. வீக்கம் அந்த மாத்திரையின் வேலை.

நோட்டை ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் துபாயிலோ தம்மாமிலோ இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். லீவுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவருடைய அரைநாளையும் முடித்துவிடுங்கள். பெரும்பாலான வளைகுடாக்காரர்கள் பிளைட் ஏறுவதற்கு முந்தின நாள்தான் ரத்தம் கொடுக்க ஓடி வருகிறார்கள். அப்புறம் அந்த ரிப்போர்ட்டை யார் பார்க்க?

இரண்டாம் படி: டேப்பும் பிரஷர் மிஷினும்

தையல் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள் டேப்பை ஏமாற்றலாம், அவ்வளவுதான். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து இரண்டுமுறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. 165 செ.மீ. உயரமும் 68 கிலோவும் என்றால் ஏறக்குறைய 25. வெள்ளைக்காரர் கணக்கில் 30-க்கு மேல்தான் பருமன். நம் உடம்பு வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கிற வாகு உடையது. அதனால் நமக்கு 23 தாண்டினாலே கவனம், 25-லேயே பருமன்.

பிரஷர் பார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடி, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றினால் யாருக்கும் 150 காட்டும். முறை இதுதான்: அரைமணி நேரத்துக்கு முன்பிருந்தே சாயா, பீடி, சிகரெட் கூடாது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை நைட்டியின் கைமேல் வேண்டாம், நேரடியாகத் தோலின்மேல். பேசக்கூடாது. இதுதான் நம்மூரில் ரொம்பக் கஷ்டம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள்.

வீட்டுக்கு மிஷின் வாங்குகிறவர்கள் மேல்கையில் சுற்றுகிற தானியங்கி மிஷினையே வாங்குங்கள். மணிக்கட்டு மிஷின் விலை குறைவு, நம்பகமும் குறைவு. ஏழு நாள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என நோட்டில் குறித்து, முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85-ம் ஆஸ்பத்திரியில் 140/90-ம் எல்லை. அதற்குமேல் திரும்பத் திரும்ப வந்தால் பிரஷர் இருக்கிறது. டாக்டரின் வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறி, வீட்டில் இறங்கிவிடுகிற ஆட்களும் உண்டு. ஏழுநாள் கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுகர், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

"பிரஷர் நார்மலாயிட்டு, மாத்திரைய நிறுத்திட்டேன்" என்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். நார்மலாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். டாக்டர் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. பத்து நாள் மாத்திரையோடு வள்ளம் ஏறினால் மீதி நாளுக்கு மாத்திரை இல்லை. டாக்டரிடம் கடல் கணக்கைச் சொல்லி, திரும்பி வரும் நாளைத் தாண்டிப் பத்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பழங்கஞ்சிக்கு உப்புப் போட்டு, கூட சுட்ட கருவாடு, ஊறுகாய், ஒரு பப்படம் என்றால் காலையிலேயே நாள் கணக்கில் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். கருவாட்டை விடச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்துங்கள். பச்சை மீன் கிடைக்கிற ஊரில் கருவாடு தினப்படிக்கு எதற்கு?

மூன்றாம் படி: சுகர், அதன் மூன்று முகங்கள்

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சாயாவும் சாப்பாடுதான். சீனி போடாத கட்டன்சாயாவும் வேண்டாம். அந்தச் சுகர் 100-க்குக் கீழே என்றால் நிம்மதி. 100 முதல் 125 வரை வரம்பில் நிற்கிறீர்கள். 126-ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் சர்க்கரை நோய். சாப்பிட்ட பிறகு பார்ப்பதற்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது எச்பிஏ1சி. மூன்று மாத சராசரி. 5.7-க்குக் கீழே சரி, 6.4 வரை வரம்பு, 6.5-லிருந்து நோய். இந்த டெஸ்டை எனக்குப் பிடிக்கும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, நடையோ நடை என்று நடந்து, "பாத்தியளா, 110-தான்" என்று பெருமையோடு போகிறவர்களை இது பிடித்துவிடும். ஒரு டீச்சருக்கு வெறும் வயிற்றில் 112, மூன்று மாத சராசரி 8.1. அவரும் சிரித்துவிட்டார். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த எண் தப்பாகக் காட்டலாம், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சர்க்கரை நோய் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், பக்கத்துக் கேரளத்தில் 25.5 சதவீதம். நம் தட்டு எந்தப் பக்கத்துத் தட்டு என்று நமக்கே தெரியும்.

தட்டைப் பற்றியே பேசலாம். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, மோசமான பொருள் இல்லை. ஆனால் அது காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். மரச்சீனி மசித்துச் சாப்பிட்ட மதியத்தில் சோறு கூடாது, சோறு சாப்பிட்ட ராத்திரியில் கிழங்கு வேண்டாம். தட்டில் பாதி இடம் தோரன், அவியல், கீரை. கால்வாசி மீன், முட்டை அல்லது பயறு. மீதிக் கால்வாசிதான் சோறோ கிழங்கோ புட்டோ. சாளையும் நெத்திலியும் விலை குறைந்த மீன் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், இதயத்துக்கு நல்ல கொழுப்பு அவற்றில்தான் நிறைய. பொரித்துத் தின்பதைவிடக் குழம்பு வைத்துத் தின்னுங்கள்.

கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "சீனி சேக்கது இல்ல, கருப்பட்டி மட்டுந்தான்" என்று சொல்லி நாலு கருப்பட்டிக் காப்பி குடிக்கிற சித்திமார்கள் ஏராளம். பனையேறிக்கு வேலை கொடுக்கிற நல்ல பொருள், ருசியும் உண்டு, கொஞ்சம் இரும்புச்சத்தும் உண்டு. ஆனால் ரத்தத்தில் போனால் அதுவும் சர்க்கரைதான். தேனும் அப்படியே. செவ்வாழை சுகருக்கு நல்லது என்பதும் கடைக்காரர் சொல்கிற கதை. பழம் வேண்டுமென்றால் சின்ன மட்டிப்பழம் ஒன்றோடு நிறுத்துங்கள், பழுத்த நேந்திரன் முழுசாக வேண்டாம்.

சுகர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை மூன்று காரியம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது. மூத்திரத்தில் அல்புமின் அளவும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்ப்பது. கிட்னி கெடத் தொடங்கும்போது முதலில் கத்துவது மூத்திரத்து அல்புமின்தான், கிரியேட்டினின் பிறகுதான் ஏறும். மூன்றாவது, டாக்டரிடம் பாதத்தைக் காட்டுவது. செருப்பைக் கழற்றச் சொல்லாத டாக்டரிடம் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். கடப்புறத்தில் சுடு மணலில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு உணர்ச்சி போனதே தெரியாது. மீன்கம்பனியில் வேலை பார்த்த ஓர் அக்கா, பாதத்தில் சிப்பி குத்தி ஆறு நாளாக இருந்ததை ரத்தம் கொடுக்கக் கால் நீட்டி உட்கார்ந்தபோது நான் சொல்லித்தான் பார்த்தார். தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சுகர் 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மெலிந்த உடம்பு, இளவயது, அடிக்கடி மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பசையோடு மலம் போவது, கூடவே சுகர் என்றால் கணையத்தில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேரளக் கரையோரத்து மருத்துவர்களுக்கு இது பழக்கப்பட்ட நோய், நம் பக்கமும் வருகிறது.

நான்காம் படி: பேக்கேஜைத் தவிர்த்து, தேவையானதை எடுங்கள்

என் சம்பளத்துக்கு எதிராகச் சொல்கிறேன். "ஃபுல் பாடி செக்கப், எழுபது டெஸ்ட்" என்று நோட்டீசில் போட்டிருப்பதில் பாதிக்குமேல் நோய் அறிகுறி இல்லாத ஆளுக்குத் தேவையில்லை. நிறைய டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டித் தடித்த எழுத்தில் வரும். அதைத் துரத்திக்கொண்டு ஒரு மாதம் அலைவீர்கள். புற்றுநோய்க்கான ரத்தக் குறியீடுகளை வெறுமனே எடுத்துப் பார்ப்பது வீண் பயத்துக்குக் காசு கொடுப்பதுதான்.

முப்பது தாண்டியவருக்கு வருடம் ஒருமுறை பிரஷரும் சுகரும். கொலஸ்டிரால் ஒருமுறை பார்த்து, நன்றாக இருந்தால் சில வருடத்துக்கு ஒருமுறை. சுகரோ பிரஷரோ புகைப்பழக்கமோ இருந்தால் வருடந்தோறும். கிரியேட்டினின், மூத்திரம், ஹீமோகுளோபின். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, ஆண்களுக்கு 13. ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் வயிற்றில் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் தேட வேண்டும், டானிக்கோடு விட்டுவிடக்கூடாது.

தைராய்டு டெஸ்ட் எல்லோருக்கும் தேவையில்லை. களைப்பு, எடை ஏற்றம், மாதவிடாய் மாறுவது, முடி கொட்டுவது, கழுத்தில் வீக்கம் இருந்தால் எடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடியற்காலையில் வெறும் தண்ணீரோடு சாப்பிட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாயா குடிக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி. தைராய்டு எண் சரியாக வரவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது சாயா நேரத்தைத்தான்.

அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற அக்காமாருக்கு முட்டுவலியும் இடுப்புவலியும் கூடப்பிறந்தது மாதிரி. மெடிக்கலில் வாங்கித் தின்கிற வலி மாத்திரை மாதக்கணக்கில் போனால் கிட்னியைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். பாரசிட்டமால், தொடைத் தசைக்கான பயிற்சி, எடைக் குறைப்பு இவற்றிலிருந்து தொடங்குங்கள். வாரம் 150 நிமிடம் வேகநடை என்பது பொதுவான அளவு. நாள் முழுக்க நின்றேன், குனிந்தேன் என்பது நடை ஆகாது.

ஐந்தாம் படி: எங்கே போவது

காசு செலவழிக்காமலே இதில் பெரும்பகுதியை முடிக்கலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவு இருக்கிறது. பிரஷர், சுகர் பார்ப்பார்கள், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் அங்கே உண்டு. மாத்திரை இலவசம். "அரசாங்க மாத்திரை கேக்காது" என்கிறவர்களுக்கு என் பதில், என்னிடம் வரும் ரிப்போர்ட்டில் அது நன்றாகவே கேட்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். மேல் சிகிச்சைக்கு தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகள், அப்புறம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி.

எங்கே போனாலும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். தனியாரோ அரசோ, உங்கள் கதை தெரிந்த ஒரு டாக்டர் இருப்பது எந்த ஸ்கேனைவிடவும் மேல்.

ஆறாம் படி: வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறவை

2023-ல் தமிழ்நாட்டில் ஊர் மக்கள் எல்லோரையும் அழைத்துப் புற்றுநோய் பரிசோதிக்கிற திட்டத்தை முதலில் நாலு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அதில் ஒன்று நம் கன்னியாகுமரி. அழைப்பு வந்தும் போகாத வீடுகள் எனக்குத் தெரிந்தே பல.

பெண்கள் 30 முதல் 65 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. நோய் முளைக்கும் முன்பே, புற்றாக மாறுவதற்குப் பல வருடம் முன்பே பிடித்துவிடலாம். "மூணு பெத்தவளுக்கு இனி என்ன" என்று சொன்ன மைனி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், ஒன்றும் இல்லை, ஆனால் அவருடைய தங்கச்சியை அவரே அடுத்த வாரம் கூட்டிப்போனார். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும், உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலும் ஐந்து வருடக் கணக்கைப் பார்க்காமல் உடனே போங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளை இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள்.

மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கலந்த கசிவு, இவைதான் கவலைக்குரியவை. வலிக்கிற கட்டியைக் காட்ட ஓடுகிறோம், வலிக்காததை மறைக்கிறோம். நாற்பது தாண்டினால் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் அதற்கும் முன்பே.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், பீடிக்காரர்கள், கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் கூடாது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பல்வரிசைக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது.

மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று தானே தீர்ப்பு எழுதுவது ஆண்களின் வழக்கம். 45 தாண்டிய பிறகு அந்தத் தீர்ப்பை டாக்டர் எழுதட்டும்.

ஏழாம் படி: ஊசிகள், மழைக்காய்ச்சல்கள்

தடுப்பூசி பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. 65 தாண்டியவர்களுக்கும் சுகர், இதயம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வருடாந்திர ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் நல்லது. நாய் கடித்தால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். சுகாதார நிலையத்தில் இலவசம், எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். மஞ்சளோ மிளகாயோ வைத்துக் கட்ட வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குமேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. சுகர்காரர்களுக்குக் காசநோய் சீக்கிரம் பிடிக்கும். மருந்தும் டெஸ்டும் இலவசம்.

நமக்கு இரண்டு மழை. குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கத் தொங்கவிடுகிற சிரட்டையில், வெட்டு நிறுத்திய நாட்களில் மழைத்தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது. வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் வரும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது தெரிந்தால், "காய்ச்சல்தான் விட்டாச்சே" என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

வயலிலும் தோட்டத்துச் சேற்றிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் கவலை. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியே போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் பிடித்து வலிப்பதும், கண் சிவப்பதும் அதன் முகவரி. மூத்திரம் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் "சேத்துல எறங்கி வேலை செய்யேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பாதி டெஸ்டை மிச்சப்படுத்தும்.

எட்டாம் படி: ரிப்போர்ட்டில் வராதது

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபிறகு, கடப்புறத்திலிருந்து நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, கை கால் ஓய்ச்சல் என்று டெஸ்டுக்கு வந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். தைராய்டு சரி, சுகர் சரி, ஹீமோகுளோபின் சரி. "எல்லாம் நார்மல்" என்று தாளை நீட்டியபோது அவர்கள் முகத்தில் நிம்மதி இல்லை. அதைக் காட்டுகிற எண் என் மிஷினில் இல்லை.

இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனசு கனத்து, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் ஆசை போய்விட்டதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் டாக்டரிடம் பிரஷரைச் சொல்வது போலவே இதையும் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரமும். குடியும் இதே பக்கத்தில் எழுதவேண்டிய விஷயம். வாரம் எத்தனை நாள், எவ்வளவு என்று உள்ளதை நோட்டில் எழுதுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், டாக்டரோடு சேர்ந்து நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: காத்திருக்கக் கூடாதவை

நம்மூரில் மாரடைப்புக்கு இன்னொரு பெயர் "கேஸ்", அதாவது வாயு. நெஞ்சு கனம், இடதுகையோ தாடையோ முதுகோ இழுப்பது, குளிர்ந்த வியர்வை, எல்லாவற்றுக்கும் ஒரு சோடா, ஓமத்தண்ணீர், பிறகு ஒரு குட்டித் தூக்கம். என் மாமனாரும் அப்படித்தான், "ராத்திரி தின்ன பரோட்டாவாக்கும்" என்று நாலு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிழைத்தார், ஆனால் இதயத்தின் பலத்தில் ஒரு பங்கு அந்தத் திண்ணையிலேயே போய்விட்டது. சுகர்காரர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, அசதி என்று மட்டும் வரலாம்.

சில நிமிடத்தில் விடாத நெஞ்சுக் கனத்துக்கு 108. சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அதைத் தாண்டிப் போகவேண்டாம். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் அங்கேயே இருக்கின்றன. அதைக் கொடுத்துத்தான் மேலே அனுப்புவார்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வலி இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்கு நேரம் இன்னும் குறைவு. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுவது, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குவது, பேச்சு குழறுவது. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குமுன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரே போங்கள். எத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாக இருந்தார் என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைக்க வேண்டும், டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வாயில் தண்ணீர் கூட ஊற்றாதீர்கள், தடவித் தேய்ப்பதற்கும் அப்போது நேரம் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 108, உங்கள் டாக்டர், பக்கத்து வீட்டில் வண்டி வைத்திருப்பவர் எண்கள் இருக்கட்டும். அட்டையில் ஓட்டை போட்டு, நூல் கோர்த்து, கரண்ட் அட்டை தொங்குகிற அதே ஆணியில் மாட்டிவிடுங்கள். இருட்டிலும் கை போகிற இடம் அது.